மிலுங்கா சொன்ன நல்ல வார்த்தை

எங்கள் பிரேஸ்னாவில் யாரையாவது நிறுத்தி எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நன்றாக இருக்கிறேன் என்று பதில் வராது. "ஏதோ தள்ளிக்கிட்டுப் போறோம்" என்பார்கள். கொஞ்சம் தாராளமான மனசுக்காரர் என்றால் "பாதிக்குப் பாதி" என்பார். செர்பியா முழுக்க இந்த வழக்கம் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டு மிலுங்கா பெரியம்மா அதை ஒரு விரதம் போலக் காத்துவந்தார்.

அவருடைய கோழிகள் கூடை நிறைய முட்டையிட்ட வருஷத்தில், கோழிகளுக்குச் சீக்கு வந்துவிட்டது என்று சொல்லித்தான் எனக்கு முட்டை கொடுப்பார். பிளம் தோட்டம் கிளை ஒடியக் காய்த்து நிற்கும்போது, "என்னத்த, நாலு காய் இருக்கு, அதுவும் புழு" என்பார். என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்க்க வந்தவர் அவர்தான். தொட்டிலை எட்டிப் பார்த்து, "அய்ய, இம்புட்டு அசிங்கமாவா ஒரு புள்ள இருக்கும்" என்று சொல்லி, மூன்று முறை துப்புவதுபோல் உதட்டைக் குவித்துக் காட்டினார். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிது. மனசு சுருங்கிப் போயிற்று. அன்று மாலையே கைப்பட நெய்த கம்பளிப் போர்வை ஒன்று வந்தது. அதன் ஓரத்தில் சிவப்பு நூல் ஓடியிருந்தது. ஊரிலிருந்து என் அம்மா அனுப்பிய மைச்சிமிழும் அந்தச் சிவப்பு நூலும் கண் படாமல் காக்கிற ஒரே வேலைக்கு வந்தவை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றிலிருந்து அவர் எதையாவது மட்டம் தட்டினால், அது எவ்வளவு உசத்தி என்று நான் கணக்குப் போட்டுக்கொள்வேன்.

மிலுங்கா மலைமேல் இருக்கிற ஒரு குடியிருப்பில் பிறந்தவர். பிளம் பழம் உலர்த்தும் ஆலையில், நின்றபடியே செய்கிற வேலையில் முப்பது வருஷம் கழித்தவர். கணவர் தெசிமிர் எங்கள் தடத்தில் பஸ் ஓட்டியவர். ரோட்டில் வாத்து குறுக்கே போனால் நிறுத்துவார், ஆள் கை காட்டினால் நிறுத்த மாட்டார் என்று இன்றைக்கும் ஊரில் கேலி உண்டு. ஒரே மகன் ராஷா ஆஸ்திரியாவில், லின்ஸ் நகரத்தில் கட்டட வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவான். அப்பா எப்படி இருக்கிறார் என்று அவன் கேட்கும்போது, மிலுங்கா என் வீட்டு வேலி வரைக்கும் கேட்கிற குரலில், "எப்படி இருப்பாரு, செவுத்தப் புடிச்சிக்கிட்டு நகர்றாரு" என்பார். அந்த நேரத்தில் தெசிமிர் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருப்பார். கோடரிச் சத்தம் போனில் கேட்டுவிடக் கூடாது என்று இவர் கொல்லைப் பக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார்.

லிண்டன் மரம் பூக்கும் ஜூன் மாதத்தில் எங்கள் ஊர்க் கிழவர்கள் எல்லாருக்கும் மரம் ஏறக் கால் அரிக்கும். அந்தப் பூவைக் காயவைத்துக் குளிர்காலம் முழுக்கத் தேநீர் போடுவார்கள். கடையில் பொட்டலமாக மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் கடையில் வாங்குகிறவனை ஆண்பிள்ளையாக மதிக்க மாட்டார்கள். தெசிமிருக்கு எண்பத்து மூன்று. அந்த ஜூனில் ஏணி முடிகிற இடத்தில் அவருடைய ஏறல் நிற்கவில்லை. அங்கிருந்து கிளைக்குத் தாவி, மேலே பூ அடர்ந்த பக்கமாகப் போனார். கீழே மிலுங்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பூவில் வாசமே இல்லை, இறங்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். லிண்டன் மென்மையான மரம். கிளை முறிந்த சத்தமும் அவர் விழுந்த சத்தமும் என் சமையலறை வரை வந்தன.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது தெசிமிருக்கு நினைவு இருந்தது. மூச்சுதான் துண்டு துண்டாக வந்தது. எப்படி விழுந்தார் என்று கேட்டார்கள். "முற்றத்துல. கால் இடறிடுச்சு" என்றார் மிலுங்கா. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எண்பத்து மூன்று வயதில் மரத்தின் உச்சிக்கு ஏறுகிற மனிதன் என்று அந்நியர் வாயில் பேச்சு விழுந்துவிடக் கூடாது. மிலுங்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான். பேச்சு விழுந்தால் கண்ணும் விழும். அந்தப் பொய் எவ்வளவு தூரம் போகும் என்று அந்த நேரத்தில் அவர் எப்படி அறிவார்? எனக்கே தோன்றவில்லை.

மாவட்ட ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் போனோம். வழி நெடுக அவர் பேசியது ஒரே விஷயம்: ஆம்புலன்ஸின் பக்கவாட்டு ஜன்னல் திறந்திருந்தது, அந்தக் காற்று நெஞ்சில் பட்டால் மனிதன் போய்விடுவான். உடைந்த எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் ஊரில் எண்பதைத் தாண்டிய அப்பா இருக்கிறார். இப்படியொரு நாள் அங்கே வந்தால், யார் காரில் யார் போவார்கள் என்று மனசு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவசரப் பிரிவில் எங்களைக் கூப்பிட்டவர் ஒக்னியன் என்கிற இளம் டாக்டர். நகரத்தில் வளர்ந்தவர், பேச்சிலேயே தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நிதானமாகவே விளக்கினார். இடது பக்க விலா எலும்புகள் வரிசையாக முறிந்திருக்கின்றன. நுரையீரலைச் சுற்றி ரத்தம் தேங்கியிருக்கிறது, குழாய் போட்டிருக்கிறார்கள். தொடை எலும்பு இடுப்புக்குக் கீழே முறிந்திருக்கிறது. தலையில் சின்னதாக ஒரு ரத்தக் கசிவு. தாறுமாறான இதயத் துடிப்புக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் ஆகையால் அந்தச் சின்னதும் சின்னதில்லை.

பிறகு நாற்காலியை எங்கள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, எல்லாத்தையும் செய்யறது. ரத்தத்த சரி பண்ணி, நாளைக்கே தொடைய ஆபரேஷன் பண்ணி, முதுகுல மருந்து போட்டு விலா வலியக் குறைச்சு, தேவைப்பட்டா கொஞ்ச நாள் மூச்சு மெஷின். அது கடுமையான வழி. தாங்கற உடம்புக்கு நல்லது, தாங்காத உடம்புக்குச் சித்திரவதை. இன்னொண்ணு, வலி இல்லாம பாத்துக்கிட்டு, அவர இழுத்தடிக்காம விடறது. வயசப் பாத்து நாங்க முடிவு பண்றதில்ல. விழறதுக்கு முந்தின நாள் எப்படி இருந்தாரு? அத நீங்கதான் சொல்லணும்."

நான் மிலுங்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எப்படி இருந்தாரு? அது என்ன இருப்பு, டாக்டர். செவுத்தப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தாரு."

வெளியே நடப்பாரா என்று டாக்டர் கேட்டார். நடக்கிறதா, உருண்டுகொண்டு கிடக்கிறது என்றார் இவர். தானே உடுத்துவாரா? ஏதோ போட்டுக்கொள்வார். சாப்பாடு? கொறிப்பார். ஒவ்வொரு பதிலுக்கும் டாக்டரின் தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. வெறும் முற்றத்தில் இடறியதற்கே இத்தனை எலும்பு போயிருக்கிறது என்றால் எலும்பும் உளுத்துப்போயிருக்கிறது என்று அவர் தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. அப்படி ஒரு மனிதரை ஆபரேஷன் மேஜையில் போட யாருக்குத்தான் மனசு வரும்?

நான் குறுக்கே புகுந்தேன். அவர் முற்றத்தில் விழவில்லை, மரத்திலிருந்து விழுந்தார் என்றேன். நீங்கள் யார் என்று கேட்டார். பக்கத்து வீடு. குடும்பத்தில் ஒருவர் சொன்னால்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு, மகனுக்குப் போன் போட்டார்.

அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று. ராஷா அப்பாவைப் பார்த்து இரண்டு ஈஸ்டர் ஆகியிருந்தது. அவனுக்குத் தெரிந்த தெசிமிர், ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா வர்ணித்த தெசிமிர். குரல் உடைந்து, அப்பா ரொம்ப நாளாகவே முடியாமல்தான் இருக்கிறார், அம்மா எல்லாம் சொல்லியிருக்கிறாள், அவரை வதைக்க வேண்டாம் டாக்டர் என்று சொல்லிவிட்டான். இப்போதே கிளம்பினாலும் காலையில்தான் வந்து சேர முடியும் என்றான். காலைவரைக்கும் வைத்துக்கொண்டிருக்கிற முடிவு இல்லை இது என்றார் டாக்டர். அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று எழுந்து போனார்.

மிலுங்காவைக் கையைப் பிடித்து நடைவழிக்குக் கூட்டி வந்தேன். நீங்கள் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட்டார் என்றேன்.

"நம்பட்டும். நல்லதுதான."

"பெரியம்மா, நல்லதில்ல. நோஞ்சான்னு நம்பினா ஆபரேஷன் பண்ண மாட்டாங்க. விட்டுடுவாங்க."

அவருக்கு அது முதலில் புரியவில்லை. டாக்டர் என்றால் முடியாதவனைத்தானே அதிகம் கவனிக்க வேண்டும் என்று என்னைத் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன்: வயதானவர்களுக்கு அடி மட்டும் எமன் இல்லை. விலா வலியில் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார்கள், சளி தேங்கும், காய்ச்சல் வரும். படுத்தே கிடந்தால் சதை கரையும். இதையெல்லாம் தாண்டுகிற தெம்பு முன்னமே இருந்ததா என்பதைப் பொறுத்துத்தான் டாக்டர் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்கிறார். அந்தத் தெம்பு அவரிடம் இருக்கிறது. இருக்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

மிலுங்கா இடுப்பில் கட்டியிருந்த சமையல் முந்தியாடையின் முடிச்சைத் திருகினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க மூத்தவ ஸ்னேஷாவ ஆப்பிள் மாதிரி இருக்கான்னு சொன்னது யாருன்னு நெனைக்கிற? ஊர்க்காரி எவளுமில்ல. நான்தான். என் வாயால. கிணத்தடியில எல்லார் முன்னாடியும். அந்த வாரமே தொண்டை அடைச்சு..."

அவர்களுக்கு ராஷாவுக்கு முன்னால் ஒரு மகள் இருந்ததே எனக்குத் தெரியாது. இருபது வருஷத்துக்குப் பக்கமாக வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். சொல்லுங்கள் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டாக்டர் திரும்பி வந்தபோது மிலுங்கா எழுந்து அவரைப் பின்தொடர்ந்து அறைக்குள் போனார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். மேஜையைத் தடவினார், தகரம். நாற்காலி, பிளாஸ்டிக். கதவைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், தூளை அமுக்கிச் செய்த பலகை. ஜன்னல் சட்டமும் அலுமினியம்.

"டாக்டர், உங்க ஆஸ்பத்திரியில ஒரு துண்டு மரம் கூடவா இல்ல?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நகரத்தில் வளர்ந்தாலும் அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. நல்லதைச் சொல்லும்போது கண் படாமலிருக்க மரத்தைத் தட்டுகிற வழக்கம் சட்டென்று அவர் நினைவுக்கு வந்தது. களைப்பு விலகி ஒரு சின்னப் பையனின் ஆர்வம் வந்தது. இழுப்பறையைத் திறந்து, தொண்டை பார்க்க நாக்கை அழுத்துகிற தட்டையான மரக்குச்சி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பிர்ச் மரம். சுத்தமான மரம். போதுமா அம்மா?"

மிலுங்கா அதை முகர்ந்து பார்த்து, இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வலது கை விரல் முட்டியை மடக்கினார்.

"எங்க ஆளு முற்றத்துல விழல. லிண்டன் மரத்து உச்சியில இருந்து விழுந்தாரு." டொக் டொக் டொக்.

அதற்குப் பிறகு வந்ததை எல்லாம் நான் எழுதினால் நீளும். மூடி வைத்த பாத்திரம் பொங்குவது போல இருந்தது. தினமும் விறகு பிளக்கிறார், ஒரு தட்டு. மலைமேல் இருக்கிற கல்லறைக்கு நடுவில் நிற்காமல் நடந்து போய் வருகிறார், தட்டு. உறவில் ஒரு கல்யாணத்தில் கோலோ நடன வட்டத்தை அவர்தான் முன்னால் இழுத்துப் போனார், வாலிபர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்தார்கள், தட்டு. கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார். ரேடியோவில் பேசுகிற அமைச்சரோடு சத்தம் போட்டுச் சண்டை போடுகிறார், அவர் கேட்கிற கேள்விக்கு அந்த ஆளிடம் பதில் இருக்காது. போன இலையுதிர் காலத்தில் நிறைந்த சாராயப் பீப்பாயை நிலவறையிலிருந்து தனியாளாக மேலே தூக்கி வந்தார். ஒவ்வொன்றுக்கும் தட்டு, தட்டு, தட்டு. கடைசியில் குச்சி இரண்டாக ஒடிந்தது. டாக்டர் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார்.

"இதெல்லாம் நெஜமா அம்மா?"

"நெஜம். கடவுள் காதுல விழாம இருக்கட்டும்."

டாக்டர் எழுந்தார். மறுநாள் காலையிலேயே தொடை ஆபரேஷன் நடந்தது.

டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதையும் இங்கே சேர்க்க வேண்டும். உத்தரவாதம் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்டவர்களில் திடமாக இருந்த பலர் வீட்டுக்குப் போகிறார்கள், சிலர் போவதில்லை. போனவர்களிலும் எல்லாரும் பழைய ஆளாகப் போவதில்லை. ஆனால் தொடக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டால் ஒருவரும் போக மாட்டார்கள், பிறகு 'பார்த்தீர்களா, எல்லாம் வயசுதான்' என்று நாமே சொல்லிக்கொள்வோம் என்றார்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. அதற்கப்புறம்தான் காய்ச்சல் ஏறியது. புத்தியும் தடுமாறியது. தெசிமிர் தான் அந்தக் காலத்தில் எல்லாரும் எல்லை தாண்டிச் சாமான் வாங்கப் போன ட்ரியெஸ்தே நகரத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற எல்லைச் சாவடியில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, நர்ஸைப் பார்த்து, ஒரு கிலோ காப்பிக்கொட்டை மட்டும்தான் இருக்கிறது, ஜீன்ஸ் இரண்டும் நான் போட்டிருக்கிறவை, வேண்டுமானால் தொட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினார். நர்ஸ்கள் சிரித்தார்கள். ராஷா அழுதான். லின்ஸிலிருந்து வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

மிலுங்கா யாரிடமும் சொல்லாமல் நேராக டாக்டர் ஒக்னியனிடம் போனார். நானும் ராஷாவும் பின்னால் ஓடினோம்.

"அன்னிக்கு நான் சொன்னத அழிச்சிடுங்க, டாக்டர். எல்லாம் பொய். பொம்பள வாய்க்கொழுப்பு. அவரு செவுத்தப் புடிச்சிக்கிட்டுத்தான் கெடந்தாரு."

ராஷாவின் முகம் வெளுத்தது. அன்றைக்கே மூச்சு மெஷின் வைக்கலாமா வேண்டாமா என்று டாக்டர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. இந்தக் கிழவியின் ஒரு சொல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் முடிவு போகக்கூடியது.

டாக்டர் அவரை உட்காரச் சொல்லி, எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"அம்மா, ஊர்க்காரங்க கிட்ட, நர்ஸுங்க கிட்ட, அந்த நடைவழியில இருக்கறவங்க எல்லார் கிட்டயும் போய் அவரு சாகக் கெடக்காருன்னு சொல்லுங்க. எவ்வளவு சத்தமா வேணும்னாலும் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். எனக்கு மட்டும் ஒரே ஒரு தடவ. எது நெஜம்?"

இந்த முறை அவர் மரத்தைத் தேடவில்லை. முந்தியாடையை முகத்தில் வைத்துக்கொண்டார். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மரத்துல இருந்துதான் விழுந்தாரு."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். மிலுங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் சொன்னபடியே நடைவழியின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தார். பக்கத்துக் கட்டில்காரரின் மருமகள், தரை துடைக்கிற பெண், லிப்டுக்குக் காத்திருந்த ஒரு பாதிரியார், ஒருவரையும் விடவில்லை. எங்க ஆளு போயிட்டாரு, இன்னிக்கோ நாளைக்கோ, சவப்பெட்டிக்குச் சொல்லியாச்சு. பாதிரியார் பதறி அங்கேயே ஒரு ஜெபம் சொல்லத் தொடங்கிவிட்டார். அதையும் தடுக்காமல், தலையைக் குனிந்து நின்று கேட்டுக்கொண்டார்.

மூச்சு மெஷின் சில நாட்கள் ஓடியது. பிறகு எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது மருந்தாலா, முதுகில் போட்ட குழாயால் வலி குறைந்து அவர் நன்றாக இருமத் தொடங்கியதாலா, முன்னமே இருந்த தெம்பாலா, நடைவழியில் பரவிய சாவுச் செய்தியாலா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். டாக்டருக்கு முதல் மூன்றைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. நாலாவதைப் பற்றிக் கேட்டபோது, அதை ஆராய்ச்சி செய்ய யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள் என்றார்.

புத்தி தெளிந்ததும் தெசிமிருக்கு வேறொரு பிடிவாதம் வந்தது. எழுந்திருக்க மாட்டேன் என்றார். விஷ்னியா என்கிற பிசியோதெரபிஸ்ட், தோள்கள் அகன்ற பெண், தினமும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வருவாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். வலிக்கிறது, நான் வாழ்ந்தது போதும், விடுங்கள் என்பார். எலும்பைப் பொருத்தியாயிற்று, நெஞ்சு தெளிந்தாயிற்று. ஆனால் எழுந்து நடக்காவிட்டால் அத்தனையும் வீண் என்று விஷ்னியா ராஷாவிடம் கடுமையாகவே சொன்னாள். படுக்கையில் கிடந்தே போனவர்களை அவள் நிறையப் பார்த்திருந்தாள். தெசிமிரின் கெண்டைக்கால் ஏற்கெனவே பாதியாகியிருந்தது.

அவரை உசுப்ப வேண்டும் என்று ஒரு நாள் விஷ்னியா போகிறபோக்கில் சொன்னாள்: "என்ன தாத்தா, உங்க வீட்டம்மா டாக்டர் கிட்ட உங்களப் பத்தி சொன்னதெல்லாம் கேட்டு, நான் ஏதோ பெரிய பயில்வான்னு நெனைச்சேன். இங்க பாத்தா ஈரக் கோணி."

தெசிமிர் சுவரிலிருந்து திரும்பினார்.

"யாரு சொன்னா?"

"உங்க மிலுங்கா."

"என்ன சொன்னா?"

எனக்குத் தெரியாது, அவரையே கேளுங்கள் என்று விஷ்னியா நழுவிவிட்டாள். மிலுங்கா கேக் கொண்டு வந்திருந்தார், அதை வெட்டுகிற மும்முரத்தில் இருந்தார். அல்லது இருப்பதாகக் காட்டிக்கொண்டார்.

"ஏய், என்னடி சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. வாய மூடிக்கிட்டுத் தின்னுங்க."

"அம்பத்தாறு வருஷமா உன் வாயில இருந்து எனக்கு ஒரு நல்ல வார்த்தை வந்ததில்ல. அதத் தூக்கி ஊரான் டாக்டருக்குக் குடுத்தியா?"

கோபம் போலத்தான் சொன்னார். ஆனால் அந்த முகத்தில் இருந்தது கோபம் மட்டும் இல்லை. பஸ் ஓட்டியவர், ஊரே கேலி செய்தாலும் தோளைக் குலுக்கிக்கொண்டு போனவர். வீட்டுக்குள் வாழ்நாளெல்லாம் ஓட்டை வாளியாகவே தன்னை நினைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. மிலுங்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு விஷ்னியாவைப் பார்த்தார். விஷ்னியா வாக்கரைப் பார்த்தாள். மூவருக்குள்ளும் பேரம் படிந்துவிட்டது.

"எழுந்து நில்லுங்க. ஒண்ணு சொல்றேன்."

அவர் எழுந்து நிற்க வெகுநேரம் ஆனது. உதடு நீலமாயிற்று, வியர்வை தரையில் சொட்டியது. நின்றார். மிலுங்கா அவர் காதருகே போய், கையில் இன்னும் வைத்திருந்த அந்தக் குச்சியைத் தட்டிவிட்டு, கல்லறைக்கு நடப்பதைச் சொன்னார். அவர் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் கதவுவரை வந்தார், அதற்கு விலை கோலோ நடனம். அதற்கு அவர், "அது உனக்கு ஞாபகம் இருக்கா" என்று மட்டும் கேட்டார். நடைவழிக்கு வந்ததற்கு ரேடியோவையும் அமைச்சரையும் மிலுங்கா கொடுத்தார்.

நடைவழியின் கோடி ஜன்னல்வரை அவர் போன நாளில் நானும் இருந்தேன். இனிமேல் வீட்டுக்கு அனுப்பலாமா, முதியோர் பராமரிப்பு விடுதிக்கு அனுப்புவதா என்பது அந்த நடையைப் பார்த்துத்தான் முடிவாகும் என்று சொல்லியிருந்தார்கள். டாக்டர் ஒக்னியன் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தெசிமிரின் ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டிருந்தது. இனி அவர் மரம் ஏறப்போவதில்லை. அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும், அவருக்கும்தான். வாக்கரைத் தூக்கி வைத்து, இழுத்து, மறுபடி தூக்கி வைத்து வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"முடியல."

மிலுங்கா பக்கத்தில் போனார். சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

"போன இலையுதிர் காலத்துல நிறைஞ்ச பீப்பாயத் தனியாத் தூக்கிக்கிட்டு நிலவறையில இருந்து மேல வந்தீங்க. அத டாக்டர் கிட்டச் சொன்னேன்."

தெசிமிர் மூச்சு வாங்கியபடி அவரைப் பார்த்தார். டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, டாக்டருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"பீப்பாயத் தூக்கினது நான் இல்லடி. என் தம்பி மிலோயே. நான் கதவத்தான் தெறந்து புடிச்சேன்."

"தெரியும்" என்றார் மிலுங்கா. "நடங்க."

அவர் வாக்கரைத் தூக்கி முன்னால் வைத்தார்.